பழைய வெளிச்சத்தில் நியூட்ரினோவை எடை போடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபஞ்சத்தின் ஆரம்ப கால ஒளியான நுண்ணலைப் பின்னணியை வைத்து, எதனோடும் எளிதில் மோதாத, மிக லேசான நியூட்ரினோ என்ற துகளைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் முகத்தில் முதலில் ஒரு சந்தேகம் வரும். பிறகு கேள்விகள் வரும். அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இவை.

நியூட்ரினோவைப் பிடிக்க மலைக்கு அடியில் போவார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். வானத்தைப் பார்த்தால் என்ன தெரியும்?

மலைக்கு அடியில் போவது நியூட்ரினோவை ஒவ்வொன்றாகப் பிடிக்க. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக வினாடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. ஒன்றுகூட நின்று பேசாது. அதனால்தான் பாறைக்கு அடியில் பெரிய தொட்டியைக் கட்டிவிட்டு, எப்போதாவது மோதும் ஒன்றிரண்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நாம் பேசப்போவது வேறு வழி. எதனோடும் மோதாமல் நழுவத் தெரிந்த நியூட்ரினோவுக்கு ஈர்ப்பு விசையிடமிருந்து நழுவத் தெரியாது. பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருக்கும் நியூட்ரினோக்களின் மொத்தக் கனம், பிரபஞ்சம் விரிந்த வேகத்தையும் பொருள் திரண்ட விதத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. அந்த மாற்றம் நுண்ணலைப் பின்னணியில் பதிந்திருக்கிறது.

லாரி எடைமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கைத் தனியாக எடை போடுவதில்லை. லாரியோடு ஏற்றி மொத்த எடையைப் பார்த்து, காலி லாரியின் எடையைக் கழிக்கிறார்கள். இங்கும் அதேதான், நியூட்ரினோ சரக்கு, பிரபஞ்சத்தின் மற்றதெல்லாம் லாரி. இந்தக் காலி லாரி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் பெரிய தலைவலியாக வரப்போகிறது.

நுண்ணலைப் பின்னணி என்றால் என்ன? சுருக்கமாக.

பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் ஒரு சூடான பிளாஸ்மாக் குழம்பு. ஒளியால் நேராகப் போக முடியாது, எலக்ட்ரான்களில் முட்டிக்கொண்டே இருக்கும். வெப்பம் தணிந்து அணுக்கள் உருவானதும் வழி திறந்தது. அன்று கிளம்பிய ஒளி இன்று 2.725 கெல்வின் குளிரில் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. இதைக் கண்டுபிடித்ததாக பென்சியாஸும் வில்சனும் 1965-இல் அறிவித்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெப்பநிலை, ஆனால் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேடுபள்ளம் உண்டு. நமக்கு வேண்டிய தகவல் எல்லாம் அந்த மேடுபள்ளத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கால நியூட்ரினோக்கள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. உங்கள் முன்னால் இருக்கும் காபி டம்ளரிலும் இருக்கின்றன. கன சென்டிமீட்டருக்கு சுமார் 336 என்பது கணக்கு. 200 மில்லி டம்ளர் என்றால் எந்த நேரமும் ஏறக்குறைய 67,000.

இவை ஒளியைவிட வெகு முன்னால் விடுபட்டவை. பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் ஒரு வினாடியில், வெப்பநிலை 1,000 கோடி கெல்வின் அளவுக்கு இறங்கியபோது, மற்ற துகள்களோடு மோதுவதை நிறுத்திக்கொண்டன. அதற்குக் கொஞ்சம் பிறகுதான் எலக்ட்ரான்களும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு தங்கள் வெப்பத்தை விட்டுப்போயின. அந்த வெப்பம் ஒளிக்குக் கிடைத்தது, நியூட்ரினோவுக்குக் கிடைக்கவில்லை. பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போனவர்களின் கதை. அதனால்தான் இன்று ஒளி 2.725 கெல்வினில் இருக்க, நியூட்ரினோப் பின்னணி 1.95 கெல்வினில் இருக்கும் என்கிறது கோட்பாடு.

அதை நேரடியாகப் பிடித்துப் பார்க்கக் கூடாதா?

இதுவரை யாரும் பிடித்ததில்லை. இவற்றின் ஆற்றல் அவ்வளவு குறைவு. எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு, நிறையையும் அதிலேயே சொல்வார்கள். சூரிய நியூட்ரினோக்களின் ஆற்றலை லட்சக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வோம், இவற்றுக்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனில் இவை பட்டால் வெளிவரும் எலக்ட்ரானைத் தேடலாம் என்ற யோசனையை இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1962-இலேயே முன்வைத்தார். டாலமி என்ற திட்டம் அந்த வழியில் முயல்கிறது. அது கைகூடும்வரை நமக்கிருப்பது மறைமுகச் சாட்சிதான்.

சரி, அந்தச் சாட்சி எப்படி இருக்கும்? எதைப் பார்த்து நியூட்ரினோ என்கிறீர்கள்?

ஆரம்பப் பிளாஸ்மாவில் ஒலி அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் அடர்த்தியான இடத்தை ஈர்ப்பு உள்ளே இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும். இந்த இழுபறிதான் அலை. ஒளி விடுபட்ட கணத்தில் ஒவ்வோர் அலையும் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே உறைந்து படமாகிவிட்டது. எந்தக் கோண அளவில் எவ்வளவு மேடுபள்ளம் என்று வரைபடம் போட்டால் வரிசையாகக் குன்றுகள் தெரியும். முதல் குன்று சுமார் ஒரு டிகிரியில், அதாவது முழுநிலவைப் போல் இரண்டு மடங்கு அகலத்தில். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று போய், சின்னச் சின்னக் கோணங்களில் உயரம் தேய்ந்துகொண்டே வரும். இந்தத் தேயும் பகுதிக்கு வால் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒளி விடுபட்ட அந்தக் காலத்தில் பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 10 சதவீதம் நியூட்ரினோ. இன்று அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அன்று பத்தில் ஒரு பங்கு வைத்திருந்தவர் வீட்டு நடப்பில் தலையிடாமல் இருப்பாரா?

முதல் தலையீடு, விரிவு வேகம். நியூட்ரினோ கூடினால் கதிர்வீச்சு கூடும், பிரபஞ்சம் வேகமாக விரியும், ஒலி அலைக்குக் கிடைக்கும் நேரம் குறையும். ஒளித்துகள்கள் தட்டுத்தடுமாறிக் கசிந்து மேடுபள்ளத்தை மழுங்கடிக்கும் தூரமும் அதோடு மாறும். ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. ஒலி போகும் தூரம் நேரத்துக்கு நேர்விகிதம், கசியும் தூரம் நேரத்தின் வர்க்கமூலம். அதனால் குன்றுகளின் இடத்தைப் பிடித்து நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தால், நியூட்ரினோ கூடக் கூட வால் மேலும் தேய்கிறது. எண்ணிக்கையை அளப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். இரண்டாவது தலையீடு இதைவிட நுட்பமானது, அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

நியூட்ரினோ மூன்று வகை என்றுதானே படித்தோம். வாலை வைத்து அளக்கும் எண்ணிக்கை ‘3.044’ ஆக இருக்க வேண்டும் என்கிறதே கோட்பாடு, அது எங்கிருந்து வந்தது?

பந்தியில் எழுந்தவர்கள் எல்லாரும் வாசலைத் தாண்டிவிடவில்லை. எலக்ட்ரான்–பாசிட்ரான் வெப்பம் பரிமாறப்பட்ட நேரத்தில் சில நியூட்ரினோக்கள் இன்னும் லேசாக மோதிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. அந்தச் சிறிய கூடுதல்தான் பெரும்பாலும் இந்த 0.044. வகை மூன்றுதான், ஆற்றல் மட்டும் மூன்று வகைக்கு உரியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

பிளாங்க் செயற்கைக்கோள் 2009-இல் ஏவப்பட்டது. அதன் 2018 முடிவுகள், விண்மீன் மண்டலத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்து, இந்த எண்ணை 2.99 என்றன, கூட்டல் கழித்தல் 0.17. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத் தொலைநோக்கி 2025-இல் வெளியிட்ட முடிவு 2.86, கூட்டல் கழித்தல் 0.13. இரண்டுமே கோட்பாட்டோடு ஒத்துப்போகின்றன. ஜெனீவாவில் இருந்த லெப் துகள் முடுக்கியில் இசட் என்ற கனமான துகளின் சிதைவை வைத்து எண்ணியபோதும் மூன்றுதான் வந்தது. பூமியில் துகளை மோதவிட்டு எண்ணியதும் வானத்தின் ஒலி அலையை வைத்து எண்ணியதும் ஒன்றாக இருப்பதை நான் பலமுறை படித்துவிட்டேன், இன்னும் பழகிப்போகவில்லை.

இதை நாமே போட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. கேம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பைத்தானில் நிறுவிக்கொள்ளலாம். சாதாரண மடிக்கணினியிலேயே சில நொடிகளில் வரைபடத்தைத் தரும். நியூட்ரினோ எண்ணிக்கை 3.044, நிறைகளின் கூட்டுத்தொகை 0.06 எலக்ட்ரான் வோல்ட் என்று அதில் முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள்.

முதல் தடவை நான் 3.044-ஐ 4 ஆக்கிவிட்டு வாலைப் பார்க்கப் போனேன். வாலைவிட முதல் குன்று கண்ணில் பட்டது, எகிறி நின்றது. ஏதோ தப்பாகத் தட்டச்சு செய்துவிட்டேன் என்று அரைமணி நேரம் தேடினேன். தப்பு தட்டச்சில் இல்லை. கதிர்வீச்சைக் கூட்டிவிட்டுப் பொருளை அப்படியே விட்டால், கதிர்வீச்சை மிஞ்சிப் பொருளின் ஆதிக்கம் தொடங்கும் காலம் தள்ளிப்போகிறது. அதனால் முதல் குன்று உயர்கிறது. மொத்தப் பொருளையும் சுமார் 13 சதவீதம் கூட்டி, குன்றுகள் விழும் கோணத்தையும் நிலைநிறுத்திய பிறகுதான் முதல் சில குன்றுகள் பழையதன்மேல் அச்சாகப் படிந்தன. அப்போது பார்த்தால் வால் மட்டும் பழைய கோட்டுக்குக் கீழே தனியாக இறங்கிப் போகிறது. பாடத்தில் பத்துத் தடவை படித்ததைவிட அந்த ஒரு படம் எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் கவனித்தேன். ஹபிள் மாறிலி, அதாவது பிரபஞ்சம் இன்று விரியும் வேகத்தைக் காட்டும் எண், 67-லிருந்து 71-க்கு மேல் போயிருந்தது. அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களை வைத்து அளப்பவர்கள் 73 என்கிறார்கள், நுண்ணலைப் பின்னணி 67 என்கிறது. இந்தச் சண்டையைத் தீர்க்க ‘கூடுதலாக ஒரு நியூட்ரினோ’ என்று பலரும் ஏன் ஆசைப்பட்டார்கள் என்பது அங்கே புரிகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காததும் அதே வால்தான்.

வாலைத் தேய்ப்பது நியூட்ரினோதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? வேறு ஏதாவது கதிர்வீச்சாக இருக்கலாமே?

நல்ல கேள்வி. எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒளி தராமல், லேசாக, வேகமாக ஓடும் எதுவும் அதே வேலையைச் செய்யும். மேலே ஒத்திவைத்த இரண்டாவது தலையீடு இங்கேதான் உதவுகிறது.

பிளாஸ்மாவில் ஒலி, ஒளி வேகத்தில் சுமார் 58 சதவீத வேகத்தில் போகிறது. நியூட்ரினோவோ யாரோடும் மோதாமல் ஏறக்குறைய ஒளி வேகத்திலேயே போகிறது. அதாவது ஒலி அலைக்கு முன்னால் ஓடுகிறது. முன்னால் ஓடும்போது தன் ஈர்ப்பால் பின்னால் வரும் அலையைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. தேருக்கு முன்னால் வடம் பிடித்து ஓடுகிறவர்கள் மாதிரி, ஆனால் இங்கே வடம் நூலிழை அளவு. இந்த இழுப்பால் குன்றுகள் எல்லாம் பெரிய கோணப் பக்கமாக ஒரு பொடி நகர்கின்றன. இந்த நகர்வைச் சாதாரணமாக வேறு எதாலும் போலியாக உண்டாக்க முடியாது. ஒலியை முந்திச் சுதந்திரமாக ஓடும் ஏதோ ஒன்று இருந்தால்தான் வரும்.

பஷின்ஸ்கி, செல்ஜாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இல் கணக்குப் போட்டுக் காட்டியது இது. பிளாங்க் தரவில் அந்த நகர்வு இருக்கிறது என்று 2015-இல் நான்கு பேர் கொண்ட ஒரு குழு காட்டியது. 2019-இல் விண்மீன் மண்டலங்களின் பரவலிலும் அதே தடம் தென்பட்டது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான். எண்ணிக்கை, நிறை எல்லாம் கணக்கு. இது நடத்தை. ஒரு வினாடி வயதில் கூட்டத்தை விட்டுக் கிளம்பிய துகள், யாரோடும் ஒட்டாமல் ஓடியதற்கான சாட்சி.

எலக்ட்ரான் நியூட்ரினோ, மியூவான் நியூட்ரினோ என்று வகை பிரித்துக் காட்டுமா?

காட்டாது. ஈர்ப்புக்கு வகை தெரியாது.

நிறையை எப்படி அளக்கிறார்கள்?

ஒளி விடுபட்ட காலத்தில் நியூட்ரினோக்கள் ஏறக்குறைய ஒளி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நிறை இருந்தும் இல்லாதது மாதிரிதான். அதனால் அன்றைய படத்தில் நிறை நேராகத் தெரிவதில்லை. பிறகு பிரபஞ்சம் விரிய விரிய அவற்றின் வேகம் குறைந்தது. 0.05 எலக்ட்ரான் வோல்ட் நிறை உள்ள ஒன்று இன்று வினாடிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டரில்தான் போகிறது. அது இப்போது பொருளின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் சின்னச் சின்னத் திரள்களில் தங்க முடியாத வேகம். பொருளாகக் கணக்கில் இருந்துகொண்டு திரளுக்கு உதவாததால், பொருள் திரள்வது கொஞ்சம் மந்தமாகிறது.

அந்த மந்தத்தைக் காட்டுவது லென்சிங். நுண்ணலை ஒளி 1,380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வரும் வழியில் உள்ள பொருளெல்லாம் அதைச் சற்று வளைக்கிறது. சராசரியாக இரண்டரை ஆர்க் நிமிடம், முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. படத்தில் விழுந்த இந்தச் சிறு கோணலைக் கொண்டு வழியில் எவ்வளவு பொருள் திரண்டிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். திரள் குறைவாக இருந்தால் நியூட்ரினோ கனம் அதிகம்.

இப்படிக் கிடைப்பது மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை. பிளாங்க் மட்டும் வைத்துப் பார்த்தால் 0.24 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே, விண்மீன் மண்டலத் தரவுகளைச் சேர்த்தால் 0.12-க்குக் கீழே, 95 சதவீத நம்பகத்தோடு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரில் கட்ரின் என்ற பிரம்மாண்டமான கருவி ட்ரிட்டியச் சிதைவை வைத்து நேரடியாக அளக்கிறது. அதன் இப்போதைய வரம்பு 0.45 எலக்ட்ரான் வோல்ட், அதுவும் ஒரு நியூட்ரினோவுக்கு. வானம் இறுக்கமான வரம்பு தருகிறது, ஆனால் பிரபஞ்ச மாதிரி, அதாவது பிரபஞ்சத்தை விவரிக்க நாம் வைத்திருக்கும் கணக்கு வடிவம், சரி என்று நம்பினால்தான் அது செல்லும். கட்ரினுக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை.

‘நியூட்ரினோவுக்கு நெகட்டிவ் நிறை’ என்று ஏதோ படித்தேனே?

காலி லாரிக்கு வந்துவிட்டோம்.

நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகின்றன என்று ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே 1998-இல் காட்டியது, கனடாவின் சட்பரி ஆய்வகம் அடுத்த சில ஆண்டுகளில் அதை உறுதிசெய்தது. இதற்காக 2015-இல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் கிடைத்தது. மாற வேண்டுமானால் நிறை இருந்தே ஆகவேண்டும். நிறைகளின் வித்தியாசங்கள் நன்றாக அளக்கப்பட்டுவிட்டன. அதிலிருந்து கூட்டுத்தொகை குறைந்தது 0.06 எலக்ட்ரான் வோல்ட் என்று வருகிறது. இரண்டு நிறைகள் மேலே, ஒன்று கீழே என்று வரிசை தலைகீழாக இருந்தால் குறைந்தது 0.10.

அரிசோனாவின் கிட் சிகரத்தில் இருக்கும் டெஸி கருவி, 5,000 ஒளியிழைகளை வைத்து விண்மீன் மண்டலங்களின் தூரங்களை அளக்கிறது. அந்தத் தூரங்களையும் நுண்ணலைப் பின்னணியையும் சேர்த்தபோது 2024-இல் வரம்பு 0.072-க்கு இறங்கியது. 2025-இல் 0.064. அதாவது குறைந்தபட்சத் தொகையின் விளிம்புக்கே வந்துவிட்டது. கணக்கை மைனஸ் பக்கமும் போக விட்டுப் பார்த்தவர்களுக்குத் தரவு அங்கேதான் சாய்ந்தது. மைனஸ் நிறை என்று ஒன்று கிடையாது. எடைமேடையில் சரக்கு மைனஸில் வந்தால் யாரும் அரிசியைச் சந்தேகப்படமாட்டார்கள், காலி லாரியின் எடையைத்தான் சந்தேகப்படுவார்கள்.

எங்கே தப்பு நடந்திருக்கலாம்? டெஸி தரும் மொத்தப் பொருளின் அளவு, நுண்ணலைப் பின்னணி தருவதைவிடக் கொஞ்சம் குறைவு. அணுக்களையும், ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் இருண்ட பொருளையும் போட்டாலே தொட்டி நிரம்பிவிடுகிறது, நியூட்ரினோவுக்கு இடமில்லை. அடுத்தது, பிளாங்க் தரவில் லென்சிங் எதிர்பார்த்ததைவிடத் தூக்கலாகத் தெரிந்தது. திரள் அதிகம் என்றால் நியூட்ரினோ கனம் குறைவு என்று கணக்கு தானாகச் சாயும். மூன்றாவது, பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் மாறாதது என்ற அனுமானம். அது காலத்தோடு மாறலாம் என்று விட்டால் டெஸியின் வரம்பு 0.16-க்குத் தளர்ந்துவிடுகிறது.

நான்காவதுதான் என் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது. முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கி வாயுவை மறுபடி அயனியாக்கியபோது, நுண்ணலை ஒளியில் ஒரு பங்கு மறுபடி சிதறியது. எவ்வளவு சிதறியது என்று தெரிந்தால்தான் ஆரம்பத்து மேடுபள்ளத்தின் உண்மையான உயரம் தெரியும். அது தெரிந்தால்தான் பின்னால் எவ்வளவு மந்தப்பட்டது என்று சொல்ல முடியும். பிளாங்க் அந்தச் சிதறலை 0.054 (சுமார் 5 சதவீத ஒளி) என்கிறது, கூட்டல் கழித்தல் 0.007. இந்தப் பிழையால் ஆரம்ப வலிமையில் ஒன்றரை சதவீதம் வரை முன்பின் ஆகிறது. நாம் தேடும் 0.06 எலக்ட்ரான் வோல்ட், பொருளின் திரளைக் குறைப்பதே சுமார் 4 சதவீதம்தான். சரக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாரியின் எடையிலேயே சந்தேகம் இருந்தால் ரசீதில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

நான்காவதாக ஒரு ‘மலட்டு’ நியூட்ரினோ இருக்கிறதா?

மலட்டு என்றால் ஈர்ப்பைத் தவிர வேறு விசை எதற்கும் மசியாதது, மற்ற நியூட்ரினோக்களோடு கலக்க மட்டும் தெரிந்தது. 1990-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் நடந்த எல்எஸ்என்டி சோதனை அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. அந்த அளவு கலப்புள்ள, ஒரு எலக்ட்ரான் வோல்ட் பக்கம் நிறையுள்ள துகள் இருந்தால் ஆரம்பத்தில் மற்றவற்றோடு முழுதாகக் கலந்திருக்கும், எண் 4-ஐ ஒட்டி வந்திருக்கும். வரவில்லை. அது கலக்காமல் இருக்க ஏதாவது தடுத்தது என்று புதுக் கோட்பாடு சேர்த்தால் தப்பிக்கலாம். பலர் சேர்த்துப் பார்த்தார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

தேனி நியூட்ரினோ ஆய்வகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தமிழில் இந்தத் தலைப்பை எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. சம்பந்தம் உண்டு, ஆனால் வழி வேறு. போடி மலையில் பொட்டிப்புரம் பக்கம் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பிடிப்பது திட்டம். நிறைகளின் வரிசை நேரா, தலைகீழா என்று கண்டறிவது முக்கிய நோக்கம். மத்திய அரசு 2015-இல் ஒப்புதல் கொடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பாதிப்பு என்று போராட்டங்கள் நடந்தன, தமிழக அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடம் பதிவானது. டாடா ஆய்வு நிறுவனம் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் கிடைத்தது. ஆண்டு 1965, நுண்ணலைப் பின்னணி அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு.

நிறை வரிசை தலைகீழ் என்று தெரியவந்தால் என்ன ஆகும்?

சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கியது. அணு உலைகளிலிருந்து வரும் எதிர்-நியூட்ரினோக்களை வைத்து வரிசையைக் கண்டறிவது அதன் வேலை. இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். பதில் ‘தலைகீழ்’ என்று வந்தால் கூட்டுத்தொகை குறைந்தது 0.10. டெஸியும் நுண்ணலைப் பின்னணியும் சேர்ந்து தந்த 0.064-ஓடு அது ஒத்துப்போகாது. அப்போது விட்டுக்கொடுக்க வேண்டியது பிரபஞ்ச மாதிரிதான்.

‘நேர்’ என்று வந்தால் இவ்வளவு நாடகம் இருக்காது, ஆனால் லாரிச் சந்தேகம் அப்படியே நிற்கும். அதைத் தீர்க்கச் சிதறல் எண்ணைத் துல்லியமாக அளக்க வேண்டும். அதற்கு வானம் முழுக்க ஒளியின் துருவமுனைப்பை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, பெரிய கோணங்களில் பார்க்க வேண்டும். தரையிலிருந்து அது மிகக் கடினம். ஜப்பான் முன்னின்று திட்டமிடும் லைட்பேர்ட் செயற்கைக்கோள் பிளாங்க்கின் 0.007 பிழையை 0.002 அளவுக்குக் குறைக்கும் என்கிறார்கள். அட்டகாமாவில் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சைமன்ஸ் ஆய்வகம் சின்னக் கோணங்களில் லென்சிங்கை அளக்கும். ஒன்று காலி லாரியை எடை போடும், இன்னொன்று சரக்கோடு.